வால்வு மாற்றம் குறித்து மச்சானுக்கு எழுதும் புகார்

என் மனைவியின் தம்பியும் இரண்டு வருடங்களாக என்னோடு பேசாதவருமாகிய மச்சான் அவர்களுக்கு,

உன் அக்காவின் கணவன், நீரேற்று நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் வால்வு பார்த்து ஓய்வு பெற்றவன், எழுதுவது. மேலே ‘அவர்கள்’ என்று போட்டது கடித மரியாதைக்காக; இனி ‘நீ’தான். உன் அக்கா சுகம். வீடு சுகம். தண்ணீர் மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. என் சுகத்தைப் பற்றித்தான் கடிதம் முழுக்க என்பதால் அதை இங்கேயே ஒரு வரியில் முடித்துவிட மாட்டேன். நீங்கள் எல்லோரும் சுகமென்று எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் நீ போன் செய்து அரை மணி நேரம் பேசுவது பக்கத்து நாற்காலியில் இருக்கிற எனக்குக் கேட்காமலா போகும்? “அத்தான் எப்படி இருக்காரு?” என்று கேட்கிறாய். “அத்தான்கிட்ட குடு” என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் “இங்க குடு” என்று கை நீட்டியதில்லை. போனில் நான் பேசினால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் புகார் இது. மூன்று வருடத்துக்கு முன்பு உனக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். பத்தாம் நாள் பார்க்க வந்தேன். கழுத்துக்குக் கீழேயிருந்து நெஞ்சுக்குழி வரை பிளாஸ்திரி, மடியில் ஒரு தட்டு, நீ பாட்டுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாய். “எப்படிடா இருந்தது?” என்றதற்கு, “ஒண்ணுமே இல்ல அத்தான், பல்லு புடுங்கற மாதிரிதான்” என்றாய். நான் நம்பினேன். அன்றிலிருந்து இந்த ஆபரேஷனை நினைத்து யார் பயந்தாலும், பல் பிடுங்குகிற மாதிரிதான் என்று நானே நாலு பேருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர் இன்றைக்கு என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுகிறார். ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டு மாடிப்படி உயர்ந்துவிட்டது. அப்படித்தான் நான் நினைத்தேன். ஏழாவது படியில் மூச்சு வாங்கியது. முப்பது வருடமாக ஏறுகிற படி, என்னிடம் ஒரு மாற்றமும் இல்லை, ஆகவே படியில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும், தரை இறங்கியிருக்கலாம். டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்து சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். ஒன்பதாவது படியில் அளவை எழுதக் குனிந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பார்த்தால் கீழே கிடக்கிறேன், உன் அக்கா மடியில் தலை, முகமெல்லாம் தண்ணீர், கையில் டேப்பை மட்டும் விடவில்லை. கண் விழித்ததும், “எல்லாப் படியும் ஒரே அளவுதான்” என்று சொன்னேனாம். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே பெரிய டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் போன போக்கு சரியில்லை. “என்ன கேக்குது?” என்றேன். “ஒரு சத்தம் வருது” என்றார். “குடுங்க” என்று வாங்கி நானே காதில் மாட்டிக்கொண்டேன். மச்சான், அந்தச் சத்தத்தைக் கேட்டே நான் முப்பத்தெட்டு வருடம் சோறு தின்றிருக்கிறேன். பாதி மூடிய வால்வில் தண்ணீர் நெருக்கியடித்துக்கொண்டு போகிற சத்தம். “சுண்ணாம்பு படிஞ்சிருக்கு டாக்டர், வால்வு முழுசாத் திறக்க மாட்டேங்குது” என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். ஸ்கேனில் நான் சொன்னதையே நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கூடுதலாக ஒரு தகவல்: மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வில் எனக்குப் பிறவியிலேயே இரண்டுதானாம். அறுபத்தொன்பது வருடம் ஒரு சாமான் குறைவாக வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அதை யாரும் பாராட்டவில்லை.

“மாத்தித்தான் ஆகணும். இப்படியே விட்டா ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு வருஷம். இன்னொரு தடவை மயங்கி விழுந்தா அதுக்கும் உத்தரவாதம் இல்ல” என்றார் பெரிய டாக்டர். தொடை வழியாகக் குழாய் விட்டு மாற்றுகிற முறை என் இரண்டு இதழ் அமைப்புக்குச் சரிப்படாதாம். நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து உன் அக்கா நான் எது சொன்னாலும் “சரிங்க” என்கிறாள். கல்யாணமாகி நாற்பத்து நாலு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு பயம் வந்ததில்லை.

அப்புறம் ஒப்புதல் படிவம் வந்தது. ஒரு சின்ன டாக்டரம்மா கொண்டு வந்து, “படிச்சுப் பாத்துட்டு இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து” என்றார். படித்துப் பார்த்துவிட்டு என்று சொன்னது அவர்தான், நினைவில் வைத்துக்கொள். நான் படித்தேன். என்னென்ன ஆகலாம் என்று பதினான்கு இனங்கள். ரத்தப்போக்கு. புது வால்வில் கிருமி குடியேறுவது. ரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவது. சிறுநீரகம் சுணங்குவது. நாடி தாறுமாறாக ஓடுவது. இதயத்தின் மின்சார வழியில் அடிபட்டால் வேறொரு கருவி பொருத்துவது. வால்வைச் சுற்றிக் கசிவு. கடைசி இனத்தைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அது என்னவென்று உனக்கே தெரியும். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, வேலை அறிக்கையில் எழுதுகிற வழக்கப்படி, ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே ‘காரணம்? தடுப்பு? பொறுப்பாளர் யார்?’ என்று மூன்று கேள்வி எழுதிக் கீழே தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல பெண், பொறுமைசாலி. “கசிவுன்னு போட்டிருக்கே, என்ன கேஸ்கெட் வெக்கிறீங்க?” என்றேன். “கேஸ்கெட் இல்லங்க ஐயா, சுத்தித் தையல் போடுவோம்.” “வால்வுக்குத் தையலா? போல்ட்டு கிடையாதா?” “கிடையாது.” “அப்ப கசியத்தான் செய்யும்.” “ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் ஐயா.” பிறகு பதினொன்றாவது இனத்துக்கு வந்தோம். ஆபரேஷன் முடிந்து சில நாள் சில பெரியவர்களுக்குப் புத்தி தடுமாறுமாம். சம்பந்தமில்லாமல் சண்டை பிடிப்பார்கள், பக்கத்தில் இருக்கிறவர்கள் மேல் சந்தேகப்படுவார்கள், சொன்னதைக் கேட்க மாட்டார்கள், தானாகச் சரியாகிவிடும் என்றார். அதுவரை வாயே திறக்காத உன் அக்கா, “அது வந்துடுச்சுன்னு நாங்க எப்படிங்க கண்டுபிடிக்கறது?” என்று கேட்டாள். டாக்டரம்மா கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

இதில்தான் உன் குட்டு உடைந்தது. நாடி தாறுமாறாக ஓடுவது என்ற இனத்தைப் படித்துவிட்டு, “இதெல்லாம் சும்மா எழுதி வெக்கிறது, மச்சானுக்கு ஒண்ணும் ஆகலையே” என்றேன். உன் அக்கா புடவைத் தலைப்பை முறுக்கத் தொடங்கினாள். நானும் விடவில்லை. கடைசியில் சொன்னாள்: “ஆறாம் நாளு அவனுக்கு நாடி கண்டபடி ஓடி மறுபடி ஐசியூவுக்குக் கொண்டு போனாங்க. ரெண்டு நாளு நான் சாப்பிடவே இல்ல. அத்தான்கிட்ட சொல்லாதே, நாளைக்கு அவருக்கே ஒண்ணு வந்தா இதை நெனச்சுப் பயந்துக்குவாருன்னான்.” நான் எதற்காவது பயந்து நீ பார்த்திருக்கிறாயா? இடுப்பளவு தண்ணீரில் ஏணி ஏறி வந்தவன் நான். என்னைப் பயந்தவன் என்று முடிவு கட்டி, பழத்தை உரித்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறாய். இதை மன்னிப்பதாக இல்லை.

பல் விஷயத்தில் உன் வாய் முகூர்த்தமும் பலித்தது. வாயில் சொத்தைப் பல் இருந்தால் அதிலிருக்கிற கிருமி ரத்தத்தில் இறங்கிப் புது வால்வில் போய் உட்காரும் என்று, ஆபரேஷனுக்கு முன்னால் பல் டாக்டரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ரெண்டு போகணும்” என்றார். ஊசி போட்டும் நாற்காலிக் கையைப் பிடித்தபடி கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். பல் பிடுங்குவதே இப்படி என்றால், பல் பிடுங்குகிற மாதிரி இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். பழைய வால்வு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நல்ல கடவாய்ப்பல் இரண்டும் வெளியே போயாகிவிட்டது. இடது பக்கம் ஒரு மிக்சர் மெல்ல முடியவில்லை.

அடுத்த அவமானம் வால்வின் ரகம். உனக்கு உலோகத்தில் வைத்தார்கள். எனக்கு மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கிற தோலில் செய்ததாம்! “ஏன், மச்சானுக்கு மட்டும் உலோகமா? இத்தனைக்கும் நான் அவனுக்கு மூத்தவன்” என்று பெரிய டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்னது: உலோகம் நெடுநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கீழே விழுந்து அடிபட்டால் ரத்தம் நிற்பது கஷ்டம், கீரையைக்கூட ஒரே அளவாகத் தின்ன வேண்டும். தோல் வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும். என் வயதுக்கு இதுதான் பொருத்தமாம். “தேஞ்சா?” “அப்ப வாங்க, பாத்துக்கலாம்.” “அப்ப நீங்க இருப்பீங்களா?” “நான் ரிடயர் ஆயிருப்பேன்.” பார்த்தாயா? பொருத்தினவன் கசிகிற நேரத்தில் இருக்கவே மாட்டான். எங்கள் இலாகாவிலும் இதே கதைதான். விடாமல் இன்னொன்று கேட்டேன். “மச்சானோடது டிக் டிக்குனு சத்தம் போடுது, ஓடுதுன்னு தெரியுது. இது சத்தமே போடாதுன்னா, ஓடுதா நின்னுடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நின்னுட்டா உங்களுக்குத் தெரியாது. தெரியற வரைக்கும் ஓடுதுன்னு வெச்சுக்குங்க” என்றார்.

டிக் டிக் என்றதும் உனக்கு அந்த மோட்டார் விவகாரம் ஞாபகம் வந்திருக்கும். வரட்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு நீ வந்திருந்தபோது மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறதென்று திருப்புளியின் முனையை மோட்டாரில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். டிக், டிக், டிக். பேரிங் போய்விட்டது என்று தீர்மானித்தேன். நீ பக்கத்தில் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாய். மோட்டாரை முழுசாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, உன் அக்காவைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விட்டு, மூன்றரை மணி நேரம் கழித்து மறுபடி பூட்டி, இன்னும் சுவிட்சே போடாமல் காது வைத்தால், டிக், டிக், டிக். “சுவிட்ச் போடாத மோட்டாரு எப்படிடா சத்தம் போடும்?” என்று திரும்பினேன். சத்தம் உன் சட்டைப் பையிலிருந்து, அதாவது பைக்கு உள்பக்கத்திலிருந்து, வந்துகொண்டிருந்தது. “முன்னாடியே சொல்லக் கூடாதா?” “நீங்க கேக்கலையே அத்தான். அதுவும் நீங்க ரொம்ப ஆர்வமாப் பிரிச்சிட்டிருந்தீங்க.” அதற்கு நான், “இனிமே இந்த வீட்டுல ரிப்பேர் நடக்கறப்போ நீ நிக்காதே” என்றேன். ரிப்பேர் நடக்கிறபோது என்றுதான் சொன்னேன். நீ அதை வீட்டுக்கே வராதே என்று எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாய். தப்பு உன் பேரில்தான். ஆனாலும் டார்ச்சை நீ அசையாமல் பிடித்தாய் என்பதையும் எழுதிவிடுகிறேன். உண்மையை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கையெழுத்துப் போடாததற்கு என் முக்கியமான காரணம் அந்தப் பதினான்கில் எதுவும் இல்லை. எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. குழாயில் ஆள் இறங்குவதற்கு முன்னால் பெரிய லைனை மூடி, மூடினவன் தன் எண் போட்ட சிவப்புத் தகட்டை அந்தச் சக்கரத்தில் கம்பியால் கட்ட வேண்டும். மாட்டினவன்தான் கழற்ற வேண்டும்; மந்திரியே வந்து நின்றாலும் வேறொருவன் தொடக் கூடாது. என் எண் பதினேழு. ஒரே ஒரு தடவை, அவசரம் என்று ஒரு மேலதிகாரி என் தகட்டைத் தன் கையால் கழற்றினார். அப்போது நான் உள்ளே இருந்தேன். இடுப்பளவு தண்ணீர் என்று மேலே எழுதினேனே, அது அன்றைக்கு. இப்போது என் இதயத்தையே நிறுத்தி, ரத்தத்தை ஒரு மெஷின் வழியாக வெளியே சுற்றவிட்டு வால்வு மாற்றப்போகிறார்கள். மெயினை யார் மூடுவது, யார் திறப்பது, நடுவில் யார் கை வைப்பது என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி இல்லை. “மெஷின் ஓட்டறவரைப் பாக்காம கையெழுத்து இல்ல” என்றேன். டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு அவரையே அழைத்துக்கொண்டு வந்தார். பச்சை உடுப்பு, நரைத்த மீசை, கையில் பாதி குடித்த தேநீர். பதினெட்டு வருடமாக அந்த ஒரே மெஷினைத்தான் ஓட்டுகிறாராம். பேச ஆரம்பித்த ஒரு நிமிடத்திலேயே நம் ஆள் என்று தெரிந்துவிட்டது.

“மெயினை யாருங்க மூடறது?” “பெரிய டாக்டர் கவ்வி போடுவாரு.” “எடுக்கறது?” “போட்டவருதான் எடுப்பாரு. வேற யாரும் தொட விட மாட்டோம்.” “நடுவுல நீங்க தேநீர் குடிக்கப் போனா?” “மெஷினை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். ஒண்ணுக்குக்கூட முன்னாடியே போயிட்டு வந்துடுவேன்.” “கரண்டு போனா?” “பேட்டரி இருக்கு.” “அதுவும் போனா?” அவர் தேநீரைக் கீழே வைத்தார். “கைப்பிடி இருக்குங்க. மாட்டி, கையாலயே சுத்துவேன்.” மச்சான், கைப்பிடி! எங்கள் பழைய பம்புக்கு இருந்த மாதிரியே கைப்பிடி! “சுத்தியிருக்கீங்களா?” “ஒரே தடவை. ஆறு நிமிஷம்.” “அந்த ஆளு?” “பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டாந்து குடுத்தாரு.” நான் சட்டைப்பையிலிருந்து என் தகட்டை எடுத்துக் காட்டி, இதை மெஷினில் மாட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. “தகரத்தை உள்ள கொண்டு போக முடியாதுங்க, கிருமி. ஆனா கதவுக்கு வெளியில ஒரு கொக்கி இருக்கு. உங்க ஆளு ஒருத்தர் அதுல மாட்டட்டும். எல்லாம் முடிஞ்சு நீங்க கண்ணு முழிச்சப்புறம் அவரே கழட்டட்டும். அதுவரைக்கும் நானும் நகர மாட்டேன், அவரும் நகர வேணாம்” என்றார். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டுகிற ஆள் யார்? உன் அக்காவிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் துடைத்து அலமாரியில் வைத்துவிடுவாள்.

ஆகவே என் இறுதி முடிவு: நான் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. பொய் சொல்லி என்னை இதில் இழுத்துவிட்டதற்கு நீ எழுத்துமூலம் விளக்கம் கொடு. அதுவரை இருக்கிற இரண்டு இதழை வைத்து நான் ஓட்டிக்கொள்கிறேன். நீ பதறியடித்துக்கொண்டு வர வேண்டாம். உன் டிக் டிக் இல்லாமலே இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கட்டும், எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாமல் இருக்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளும் சீரான நாடியும் அமையட்டும். மாத்திரையை வேளை தவறாமல் போடு.

இப்படிக்கு,
உன் மேல் புகார் உள்ள அத்தான்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டச் சொல்லி உன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். “நேத்தே கையெழுத்துப் போட்டாச்சே, அதைக் காணோமே?” என்றாள். அது உண்மைதான். கைப்பிடி என்று மெஷின்காரர் சொன்ன அடுத்த நிமிடம் அவர் முதுகையே பலகையாக வைத்து இரண்டு இடத்திலும் போட்டுவிட்டேன். கடிதம் எழுத ஆரம்பித்தது முந்தாநாள். போடவில்லை என்று மனதில் எழுதி வைத்ததை மாற்ற மனம் வரவில்லை. “அவனை வரச் சொல்லி எழுதினீங்களா?” என்று கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்றேன். “வர வேண்டாம்னுல்ல இருக்கு?” என்றாள். அவனுக்குப் புரியும் என்றேன். புரியாமல் போனால் என்ன செய்வதென்றுதான் இதையும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். பதினேழாம் எண் தகட்டையும் ஒரு முழம் கம்பியையும் இதோடு வைத்திருக்கிறேன். ஆறரைக்கு வந்து உன் கையால் கொக்கியில் மாட்டு. விதி உனக்குத் தெரியும். மாட்டின ஆள் நகரக் கூடாது, வேறு யாரும் கழற்றக் கூடாது. கண் விழித்ததும் தகட்டுக்காரரை ஐந்து நிமிடம் உள்ளே விடச் சொல்லி டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் வந்து கொஞ்சம் குனிந்து நில், அன்றைக்கு டார்ச் பிடித்த மாதிரி. சத்தம் கேட்டால் எதையும் பிரிக்க மாட்டேன்.